பூங்காவில் உலோகம் தேடுவதற்கான அனுமதி

பியர்பொன்ட்ஸ்
2 யூன் 2024

மதிசுதனுக்கு,

இந்தக் கடிதத்தை நான் விரும்பி எழுதவில்லை. உன்னுடைய கையெழுத்து வேண்டும் என்று பூங்கா அலுவலகம் சொன்னதால் எழுதுகிறேன். தொலைபேசியில் கதைத்தால் இருவரும் கத்துவோம். கடிதத்தில் கத்துவதற்கு முத்திரை ஒட்ட வேண்டியிருப்பதால் கொஞ்சம் யோசித்துக் கத்துவோம்.

போன சனிக்கிழமை காலை உன் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வந்திருந்தேன். உன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. என்னோடு தியாகலிங்கம் அண்ணை வந்தார். அவரை உனக்குத் தெரியாது. லவாலில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு வயல், குளக்கரை என்று திரிகிறார். ஒரு கலியாண வீட்டில் எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டபடி, லாசால் ஆற்றங்கரையில் தான் ஒரு மோதிரம் எடுத்த கதையைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாதிச் சோற்றோடு எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கினேன்.

அந்த ஆற்றங்கரையில்தானே அம்மாவின் தாலியை நீ மண்ணுக்குள் போட்டாய்.

ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அம்மா செத்து மூன்றாம் மாதம், அவவின் பேரில் மரம் நட நகரசபையிடம் நீ அனுமதி எடுத்தாய். அது நல்ல காரியம். ஐயரையும் கூப்பிட்டாய். அதுவும் சரி. பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையை எடுத்து, "வீட்டுக்கு அத்திவாரம் வைக்கேக்க குழியில பொன் போடுறதில்லையா ஐயா, மரத்துக்கும் போடலாந்தானே" என்று கேட்டாய். ஐயர் தலையாட்டினார். அவருக்கு அன்று இன்னொரு வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இருந்தது, எதற்கும் தலையாட்டியிருப்பார். நீ தாலியைப் போட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு பெண்ணின் தாலியை எப்போது கழற்றி வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். புருசன் செத்த பிறகு. அப்பா காணாமல் போனவர். செத்தவர் இல்லை. இருபத்தாறு வருடம் அம்மா கழற்றாமல் வைத்திருந்ததை நீ ஒரு நிமிடத்தில் மண்ணுக்குள் போட்டு மூடினாய். அதோடு அப்பாவையும் மூடினாய்.

இன்னொரு விசயம். அம்மாவின் மேப்பிள் மரம் முதல் மாரிப் பனியிலேயே பட்டுப்போனது உனக்குத் தெரியுமா? நகரசபை அதைப் பிடுங்கிவிட்டு, வேறொரு இடத்தில் வேறொரு மரம் நட்டிருக்கிறது. பழைய குழி மூடிக் கிடக்கிறது. எங்கே என்று தோட்டக்காரருக்கே தெரியாது. ஒரு கோடை முழுக்க நான் பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி வந்து தண்ணீர் ஊற்றியது யாரோ ஒரு மரத்துக்கு.

அதனால்தான் கருவி. ஆனால் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே சைக்கிளில் இரண்டு காவல் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். "அனுமதி இருக்கா மடாம்?" என்றார்கள். தியாகலிங்கம் அண்ணை, "நாங்கள் தோண்டேல்லை தம்பி, தேடுறம் மட்டும்" என்றார், தமிழில். அவர்களுக்கு அது விளங்கியதுபோல, தேடுவதற்கே அனுமதி வேண்டும், தோண்டுவதற்கு அனுமதியே கிடையாது என்று பிரெஞ்சில் பதில் சொன்னார்கள்.

மரத்துக்கு விண்ணப்பித்தவன் நீ. உன் கையெழுத்தில்லாமல் விண்ணப்பத்தை எடுக்கமாட்டார்கள். இத்தோடு உள்ள தாளில் கையெழுத்து மட்டும் போடு. கருத்து வேண்டாம்.

அஜந்தா

*

லாசால்
9 யூன் 2024

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் கருத்து வேண்டாம் என்று எழுதியதால், கருத்தாக இல்லாமல் தகவலாகச் சிலவற்றை எழுதுகிறேன்.

பூங்கா விதிகளை இரண்டு மாலை இருந்து வாசித்தேன். நல்ல விதிகள். அனுமதியில்லாமல் கருவியைக் கொண்டு தேடக்கூடாது. அனுமதி கிடைத்தால் தேடலாம், ஆனால் அது தோண்டுவதற்கான அனுமதி ஆகாது. தோண்டுவதென்றால் நகரசபை ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். புல்லைக் கிளப்பினால் திரும்பப் புல் வைக்க வேண்டும். ஆற்றங்கரை என்பதால் பழைய காலத்துப் பொருள் ஏதும் அகப்பட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு அறிவிக்க வேண்டும். மரத்தின் வேருக்குக் கிட்டப் போகவே கூடாது. மொத்தத்தில், மண்ணுக்குள் கிடப்பது என்னவென்று ஒருவர் அறிந்துகொள்ளலாம், அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. விமான நிலையத்தில் உலோகம் பிடிக்கிற வாசலில் நின்று வேலை செய்கிறவன் நான். எனக்கு இந்த மாதிரி விதிகளில் ஒரு மரியாதை உண்டு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்களை மறித்த அதே விதிதான் தியாகலிங்கம் அண்ணையையும் மறிக்கிறது. அவர் முந்தி மோதிரம் எடுத்தது திருட்டுத்தனம். அந்த இரண்டு சைக்கிள் பொடியன்களும் சம்பளம் வாங்கிக்கொண்டு அம்மாவின் தாலிக்குக் காவல் நிற்கிறார்கள். வங்கிப் பெட்டகத்தில்கூட இப்படிச் சுற்றிவந்து பார்க்கமாட்டார்கள். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

மரம் பட்டது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லியிருப்பேன், நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த மரம் நன்றாக இருக்கிறது.

நான் தாலியைப் போட்டபோது நீங்கள் எனக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. மண்ணைக்கூட ஒரு பிடி போட்டீர்கள்.

மதிசுதன்

*

பியர்பொன்ட்ஸ்
23 யூன் 2024

மதிசுதனுக்கு,

மண் போட்டது மரத்துக்கு. ஐயர் கையில் தந்தார், போட்டேன். சபையில் வைத்துத் தம்பியோடு சண்டை பிடிக்கிற வளர்ப்பு எனக்கில்லை. நீ அதை நம்பித்தான் சபையில் வைத்துச் செய்தாய்.

உன்னுடைய கையெழுத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். கத்தரின் என்று ஒரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. என் பிரெஞ்சு, நான் வேலை செய்கிற கார்டெரியில், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளோடு கதைக்கிற பிரெஞ்சு. அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"தேடுற பொருள் என்ன?" என்று கேட்டாள்.

"தாலி."

"அது நாணயமா, ஆயுதமா, நகையா, வேறா?"

நகை என்றேன். எழுதினாள். அதன் படம் ஒன்று இருந்தால் வேலை சுலபம் என்றாள். என் மகன் டினோஜனின் பிறந்தநாளில் அம்மா தாலிக்கொடியைச் சேலைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டு நிற்கிற படத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். பெரிய பாரமாக இருக்கும்போல, கழுத்து நோகாதா என்றாள். அதை யாரும் கேட்டதில்லை என்றேன்.

தனியாருடைய பொருள், எங்களுடையது என்று காட்டினால் அனுமதி தரலாம், நகரசபை ஆள் ஒருவரும் வந்து நிற்பார், தோண்டியும் தருவார் என்றாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகு இரண்டாவது தாளைத் திருப்பினாள்.

"இது ஆருடையது?"

"அம்மாவின்ர."

"அம்மா?"

"செத்துப்போனா."

"அப்ப உரிமை முதலில கணவருக்குப் போகும். அப்பா?"

நான் அம்மாவின் படத்தை என் பக்கம் திருப்பினேன். எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாகக் கேட்டாள். மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கிறதுபோல. "அப்பா எங்க?"

"தெரியாது."

பேனையை வைத்துவிட்டாள். படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்று, உயிருடன் இருக்கிறார். அதைக் குறித்தால் அவரே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றது, இறந்துவிட்டார், அதற்கு மரணச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிள்ளைகள் சத்தியம் செய்து எழுதிய கடிதம் போதும். நடுவில் ஒரு பெட்டி இல்லை. காணாமல் போனவர்களுக்கு ஊரில் ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள்தான். அம்மா அதையும் வாங்க விடவில்லை. "துண்டைத் தந்திட்டுத் தேடுறதை விட்டிடுவினம்" என்றா.

கத்தரின் மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டில் ஒன்றுதான். மன்னிப்புக் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள்.

அப்பா சாகவில்லை என்பதற்காகத்தான் நான் தாலியை வெளியே எடுக்க நினைத்தேன். எடுப்பதென்றால் அவர் செத்துவிட்டார் என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். படிவம் என் மேசையில் இருக்கிறது. மேலே தட்டு வைத்துச் சாப்பிடுகிறேன்.

அஜந்தா

*

லாசால்
1 யூலை 2024

அக்காவுக்கு,

இன்று வாடகை ஒப்பந்தங்கள் முடிகிற நாள், இந்த நகரத்தில் பாதிப் பேர் வீடு மாறுகிறார்கள். எங்கள் தெருவில் மெத்தைகள் நடக்கின்றன. என் மனுசி சுதாஜினி யன்னலால் பார்த்துக்கொண்டு, யாருடைய குளிர்சாதனப் பெட்டி எங்கே போகிறது என்று எனக்கு நேர்முக வர்ணனை சொல்கிறாள். அதற்கிடையில் உங்கள் கடிதத்தை மறுபடியும் வாசித்தேன்.

சத்தியம் செய்து எழுதுங்கள் அக்கா. அதுதான் உண்மை. அவர் இருந்தால் இப்போது எண்பது வயதை நெருங்கியிருப்பார். இரண்டு மருந்துக் குளிசை போடாமல் ஒரு நாளும் படுக்காத மனிதன். எங்கே, எந்த முகாமில், யார் அவருக்கு அந்தக் குளிசையைக் கொடுத்திருப்பார்கள்? நீங்கள் யோசிக்க மறுக்கிற கேள்வி இது. நான் மறுக்கவில்லை. மறுக்காத ஒரே குற்றத்துக்காக இரண்டு வருடம் தண்டனை அனுபவிக்கிறேன்.

தாலியை ஏன் மண்ணில் போட்டேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்களாகவே ஒரு காரணத்தை எழுதி, நீங்களாகவே தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள்.

அம்மா என்னோடுதான் இருந்தா. கலியாண வீடு, சாமத்தியவீடு என்று நான்தான் அவவைக் காரில் கொண்டுபோய் இறக்கினேன். பட்டுச்சேலை, பொட்டு, கழுத்தில் கொடி. மண்டபத்துக்குள் போனதும் சனம் முதலில் பார்ப்பது கொடியைத்தான். ஆலாத்தி எடுக்க ஆட்களைக் கூப்பிடும்போது ஒரு சின்ன அமைதி வரும். பிறகு யாராவது ஒருத்தி வந்து, தேன் ஊற்றுகிற குரலில், "கனகமணியக்கா, குறை நினையாதேங்கோ, கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ" என்பாள். அம்மா, "ஓம் பிள்ளை, எனக்கும் கால் நோகுது" என்பா. காலில் ஒரு நோவும் இல்லை. ஒரு மண்டபத்திலும் இல்லை.

செத்தவீட்டன்று நீங்கள் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்றீர்கள். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியாது. குங்குமம் வைக்கிறதா விடுகிறதா என்று இரண்டு கட்சி. சுமங்கலி, சிவப்புச் சேலை உடுத்த வேணும் என்று ஒரு கட்சி. "அந்தாள் எங்க இருக்கு, வீண் பழி எடுக்காதேங்கோ" என்று மற்றக் கட்சி. அம்மா அமைதியாகப் படுத்திருந்தா. இந்த முறை பின்னுக்கு நிற்கச் சொல்ல வழியில்லை. கடைசியில் எரிக்கிற இடத்து ஆள் வந்து, உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று தாலியைக் கழற்றி, ஒரு பையில் போட்டு என் கையில் தந்தான். அந்த நாளில் அவன் ஒருத்தன்தான் அதை உலோகம் என்று சொன்னவன். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அப்பாவைப் புதைக்க நான் அதைப் போடவில்லை. இனி ஒருத்தரும் அதைப் பார்த்து, இந்தக் கழுத்துக்கு இது சரியா பிழையா என்று யோசிக்கக்கூடாது. அதற்காகப் போட்டேன். நீங்கள் எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்? அலுமாரியில் வைப்பீர்கள். வருகிறவர்களுக்குக் காட்டுவீர்கள். அவர்களும் யோசிப்பார்கள்.

மதிசுதன்

*

பியர்பொன்ட்ஸ்
14 யூலை 2024

மதிசுதனுக்கு,

நீ எழுதியது எதுவும் எனக்குத் தெரியாது. கால் நோகிறது என்று அம்மா எனக்கும் சொல்லியிருக்கிறா. நான் அவவுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தேன். அவ அதைப் பூசினா.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன ஆடி அமாவாசைக்கு நீ கோயிலில் தர்ப்பை போட்டு, அப்பாவின் பேர் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைத்ததை உன் அத்தான் கண்டவர். எனக்குச் சொல்லாமல் மறைத்துவைத்திருந்து, மாசியில் வேறொரு சண்டைக்கு நடுவில் சொன்னார். தகப்பனை இழந்தவன் பிடிக்கிற விரதம் அது. அம்மா இருக்கும்வரை எங்கள் வீட்டில் அந்த நாளில் மீன் காய்ச்சினா, வேண்டுமென்றே. அவவின் மூச்சுப் போனதும் நீ இலை போட்டுவிட்டாய்.

இந்த மாதம் எனக்கு ஒவ்வொரு வருடமும் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று உனக்குப் பதினேழு வயது. நீ கிணற்றடியில் நின்றாய். கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறக்க வேண்டும், சனம் அரிசிக்கு வரிசையில் நிற்கும் என்று சொல்லிவிட்டு அப்பா சைக்கிளை எடுத்தார். நான் படலை வரைக்கும் போனேன். சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்களாம். கையில் வைத்திருந்த கருவியை உடம்போடு பிடித்தபோது அது சத்தம் போட்டதாம். அவருடைய இடுப்பில் சங்கக்கடையின் திறப்புக் கொத்து, அத்தனை பூட்டுக்குமான சாவிகள். எடுத்துக் காட்டினாராம். அதைப் பார்த்துவிட்டும் அவரைத் தனியே நிற்கச் சொன்னார்களாம். பின்னால் வரிசையில் நின்ற பால்காரர் சொன்னது இவ்வளவுதான். அவர் கண்டதும் இவ்வளவுதான்.

தியாகலிங்கம் அண்ணையின் கருவி புல்லுக்கு மேலே கத்தினபோது நான் விலகித் தனியே போய் நின்றேன். எடுத்துப் பார்த்தால் சோடா மூடி. அவர் "பரவாயில்லைத் தங்கச்சி, ஆயிரம் மூடிக்கு ஒரு பொன்" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சனத்தை மறிக்கிற வேலையை நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

படிவத்தை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அப்பா செத்துவிட்டார் என்று என்னுடைய கையால் எழுதமாட்டேன். நீ மரத்துக்கு விண்ணப்பித்தவன். நீயும் நிரப்பலாம் என்று கத்தரின் சொன்னாள். உனக்குத்தான் அதில் சந்தேகம் எதுவும் இல்லையே. எழுது. சத்தியமும் நீயே செய். எடுத்த பிறகு தாலியை எனக்குத் தபாலில் அனுப்பு.

அஜந்தா

*

லாசால்
6 ஓகஸ்ட் 2024

அக்காவுக்கு,

நேற்று முன்தினம் ஆடி அமாவாசை. ஓம், இந்த வருடமும் விரதம் பிடித்தேன். சுதாஜினி எங்கேயோ தேடி, விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய் வாங்கி வந்திருந்தாள். வாடி வதங்கி, விமானத்தில் என்னைவிடக் கஷ்டப்பட்டு வந்த காய். தர்ப்பை போட்டு, அப்பாவின் பேர் சொல்லித் தண்ணீர் விட்டேன். பேரைச் சொல்லும்போது ஐயர், "பெரிசாச் சொல்லுங்கோ" என்றார். பெரிதாகச் சொன்னேன். அது எனக்குப் பிடித்திருந்தது. வருடத்தில் ஒரு நாள், ஒரு மண்டபத்தில், அவருடைய பேரை ஒருவர் பெரிதாகச் சொல்லச் சொல்கிறார். நான் விரதம் பிடிப்பதற்கு அதற்கு மேல் காரணம் இல்லை.

நேற்று படிவத்தைக் கொண்டு கத்தரினிடம் போனேன். இறந்துவிட்டார் என்று எழுதத்தான் போனேன். பேனையும் எடுத்தேன். உயிருடன் இருக்கிறார் என்ற பெட்டியில் குறித்தேன்.

இதற்கு விளக்கம் கேட்காதீர்கள். முந்தின நாள் எள் இறைத்த கைதான். இரண்டும் நான்தான் செய்தேன். ஒன்று பொய்யென்று யாராவது நிரூபித்தால் எது என்று எனக்கும் சொல்லட்டும்.

கத்தரின் முகவரி கேட்டாள். வேறு எந்த முகவரியைக் கொடுப்பேன்? லாசால் முகவரியைக் கொடுத்தேன்.

"இது உங்கட முகவரியெல்லோ? ரெண்டு பேரும் ஒரே வீட்டிலயா இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். அவர் இன்னும் வந்து சேரேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு நீங்கள் யூனில் சொன்னது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் அப்படியே கணினியில் ஏற்றினாள். உரிமையாளருடைய சம்மதம் கேட்டு நகரசபை அவருக்கே நேரடியாகப் பதிவுத் தபால் அனுப்பும், அதுதான் நடைமுறை என்றாள். நடைமுறை என்று சொன்னபோது அவளுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது.

என்னுடைய வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன், எடுத்தார்கள், அவ்வளவுதான் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் வாசல் கத்தி, ஒரு வயதான மனிதர் பதறிக்கொண்டு பையிலிருந்து திறப்பை எடுத்துக் காட்டும்போது, நான் சொல்லுகிற வசனம் ஒன்று உண்டு. "திறப்புத்தான் ஐயா. எடுத்துக்கொண்டு போங்கோ." வெள்ளைக்காரனாக இருந்தால் பிரெஞ்சில் சொல்வேன். அவர் போவார். நான் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் நடந்து போவார். அதைச் சொல்வதற்குத்தான் அங்கே நிற்கிறேனோ தெரியாது.

மதிசுதன்

*

லாசால்
12 செப்டெம்பர் 2024

அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, இது அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை கதவில் துண்டு ஒட்டியிருந்தது. மருந்துக்கடைக்குப் பின்னால் உள்ள தபால் முகப்புக்குப் போனேன். அங்கே ஒரு இளம்பெண், அடையாள அட்டை கேட்டாள். சாரதி அனுமதிப் பத்திரத்தைக் கொடுத்தேன். உறையையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முசியு பேரின்பநாயகம்?" என்றாள்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னை அப்பாவின் பேரால்தான் கூப்பிடுகிறார்கள். வங்கி, வேலைத்தலம், பல் வைத்தியர். நான் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். ஆனால் இந்த முறை அவள் கூப்பிட்டது என்னை இல்லை. உறையில் அப்பாவின் முழுப்பேரும் இருந்தது, தாத்தாவின் பேரோடு. கீழே என் வீட்டு இலக்கம். அச்சடித்து, ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல். இவ்வளவு காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் அவரைக் கேட்டு வேறு யாருக்கோ எழுதினார்கள். செஞ்சிலுவைக்கு, ஆணைக்குழுவுக்கு, அமைச்சருக்கு. அவருக்கே ஒருவரும் எழுதவில்லை. இந்த நகரசபை எழுதியிருக்கிறது.

"ஓம்" என்றேன். தந்துவிட்டாள்.

பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். கத்தரின் மாதிரியைக் காட்டினாள். ஒரு பக்கம். மனைவியின் நகையைத் தேடவும் எடுக்கவும் சம்மதம் என்று ஒரு வசனம், கையெழுத்துக்கு ஒரு கோடு.

இப்போது நான் கேட்பதை அமைதியாக வாசியுங்கள். நான் கையெழுத்துப் போடலாம். என்னுடைய கையெழுத்திலும் பேரின்பநாயகம் என்றுதான் இருக்கிறது. ஒருவரும் கேட்கமாட்டார்கள். கத்தரின் கேட்கவே மாட்டாள். அடுத்த வாரமே நகரசபை ஆளோடு போய் எடுத்துவிடலாம். தியாகலிங்கம் அண்ணை கருவியோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அனுமதியோடு தேடுவது எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசையாம். கார்த்திகைக்குப் பிறகு நிலம் உறைந்துவிடும், அதோடு இந்த அனுமதியும் முடிந்துவிடும். பிறகு எல்லாம் முதலிலிருந்து.

நீங்கள் இறந்துவிட்டார் என்று எழுத வேண்டியதில்லை. நானும் எழுதவில்லை. தாலி உங்கள் கைக்கு வரும். போடவா?

முன்பு உங்களைக் கேட்காமல் செய்தேன். இந்த முறை கேட்கிறேன்.

மதிசுதன்

*

பியர்பொன்ட்ஸ்
20 செப்டெம்பர் 2024

தம்பிக்கு,

கையெழுத்துப் போடாதே.

நீ போட்டால் அது சரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னுடைய 'பே' அப்படியே அப்பாவின் 'பே'. பள்ளிக்கூட அறிக்கையில் நீ கள்ளக் கையெழுத்து வைத்தபோது அம்மாவுக்கே பிடிபடவில்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நீ போட்டால் அப்பா வந்து, சம்மதம் என்று சொல்லி, கையெழுத்தும் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நகரசபையில் பதிவாகிவிடும். ஒரு பின்னேரத்துக்குள் வந்து போய்விடுவார். நான் காணாமல்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "பேர் பிழையில்லாமல் அடிச்சிருக்கிறாங்களோ?" என்றார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவர் தேத்தண்ணி போட்டது அதுதான் முதல்தரம்.

நேற்று நானும் பூங்காவுக்கு வந்தேன், கருவி இல்லாமல். தண்ணீர் ஊற்றினேன், பழகிய மரம், பாவம், அதை விட்டுவிட்டு வேறெங்கே ஊற்றுவது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கருவியோடு வந்தார். அந்தப் பொடியன்கள் எங்கிருந்தோ வந்து மறித்துவிட்டார்கள். அவர் நிறைய வாதாடினார். அவர்கள் அசையவில்லை. போகும்போது அவர்களைக் கூப்பிட்டு மெர்சி என்று நன்றி சொன்னேன். எதற்கென்று விளங்காமல் தலையை ஆட்டினார்கள். அம்மாவை அங்கே ஒருவரும் பின்னுக்கு நிற்கச் சொல்லமாட்டார்கள் என்று நீ எழுதாமல் எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். தாலி கிடக்கட்டும். அப்பாவைப் பற்றி நீ நினைப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கடிதத்தைப் பிரிக்காதே. ஒருவருக்கு வந்ததை இன்னொருவர் பிரிப்பது இந்த நாட்டில் குற்றம். எனக்கும் அனுப்பாதே. உன் முகவரிக்கு வந்தது, உன் வீட்டில்தான் இருக்க வேண்டும். வாசலில் மற்றத் தபால்களை வைக்கிற இடத்திலேயே வை. சாமியறையில் வைக்க வேண்டாம் என்று சுதாஜினிக்குச் சொல்லு. அது படம் இல்லை, தபால். பதில் வரவில்லையென்று நகரசபை நினைவூட்டல் அனுப்பினால் அதையும் போய் எடுத்துக்கொண்டு வந்து மேலே வை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் வருகிறோம். சமைக்க வேண்டாம், நான் கொண்டுவருவேன். உறையை ஒருதரம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் எப்போதாவது வீடு மாறுவதென்றால், தபாலகத்தில் முகவரி மாற்றம் எழுதும்போது அவருடைய பேரையும் சேர்த்து எழுது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விசாரித்துவிட்டேன்.

அக்கா